7ஆம் வகுப்பு இடைக்கால வரலாறு: வெளியே அழைத்துப் போனால் சுற்றுலாவாக முடிந்துவிடுகிறது, என்ன செய்யலாம்?

சரபங்கா | ஓமலூர் வட்டாரம்

வணக்கம். நடுநிலைப் பள்ளி ஒன்றில் சமூக அறிவியல் கற்பிக்கிறேன். 7ஆம் வகுப்பில் 46 பிள்ளைகள். முதல் பாடமே இடைக்கால இந்திய வரலாற்று ஆதாரங்கள். கல்வெட்டு, செப்பேடு, நாணயம், கோயில், கோட்டை, பயணிகளின் குறிப்பு என்று வரிசையாக நடத்தினேன். 700 முதல் 1200 வரை முந்தைய இடைக்காலம், 1200 முதல் 1700 வரை பிந்தைய இடைக்காலம் என்று கரும்பலகையில் நீளமாக ஒரு கோடு போட்டுக் காட்டினேன். கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பையன் எழுந்தான். "டீச்சர், அந்தக் கோட்டில் நம் ஊர் எங்கே இருக்கிறது?" என்று கேட்டான்.

ஏதோ சொல்லி உட்கார வைத்துவிட்டேன். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. என் கோட்டில் தஞ்சாவூர் இருந்தது, டெல்லி இருந்தது, ஹம்பி இருந்தது. பள்ளி வாசலில் பஸ் ஏறினால் எட்டிவிடும் தாரமங்கலம் இல்லை. அங்கே நாம் இன்று பார்க்கும் கைலாசநாதர் கோயிலின் பெரும்பகுதி, மதுரை நாயக்கர்களுக்கு அடங்கி இந்தப் பக்கத்தை ஆண்ட கெட்டி முதலிகள் 17ஆம் நூற்றாண்டில் எடுப்பித்தது. அந்தக் கோட்டின் கடைசிச் சாணில் கச்சிதமாக வந்து உட்கார வேண்டிய ஊர். கிழக்கே ஆத்தூர்க் கோட்டை, தென்மேற்கே சங்ககிரி. பிள்ளைகளைக் கேட்டால் தாரமங்கலம் தேர் பார்த்த இடம், சங்ககிரி மாமா வீடு இருக்கிற இடம். வரலாறு நடந்ததோ வேறு எங்கோ.

வெளியே அழைத்துப் போனால் சரியாகிவிடும் என்று சொல்வீர்கள். சென்ற ஆண்டு, வேறொரு பள்ளியில், அதைத்தான் செய்தேன். ஒரே நாளில் மூன்று இடம்: காலையில் கோட்டை, நண்பகலில் கோயில், மாலையில் ஏற்காட்டில் படகு. 52 பிள்ளைகள். வாடகை பஸ் இரண்டு மணி நேரம் தாமதமாக வந்தது. கோயிலுக்குப் போய்ச் சேர்ந்தபோது உச்சிகால பூஜை முடிந்து நடை சாத்தியிருந்தது. மதில் நிழலில் புளிச்சோறு சாப்பிட்டுவிட்டுக் கிளம்பினோம். அடுத்த வாரம் செயல்திட்ட நோட்டுகளை வாங்கிப் பார்த்தேன். கடையில் விற்கும் படத்தாளை வாங்கி, தாஜ்மகாலைக் கத்தரித்து ஒட்டியிருந்தார்கள். பாதிக்கு மேற்பட்ட நோட்டுகளில் அதே தாஜ்மகால். பிள்ளைகளைக் குறை சொல்ல மாட்டேன். போன இடத்தில் அவர்கள் செய்வதற்கு ஒரு வேலையும் நான் கொடுக்கவில்லை.

இந்த ஆண்டு தலைமையாசிரியர் வெள்ளிக்கிழமை கடைசி இரண்டு பாடவேளைகளை ஒதுக்கித் தந்திருக்கிறார். தமிழ், கணக்கு, அறிவியல் ஆசிரியர்களும் உடன் வரத் தயார். எனக்கு வேண்டியது இதுதான்: பிள்ளைகள் கையால் எதையாவது அளந்து, படித்து, விசாரித்து, அதிலிருந்து அந்தக் காலத்தைப் பற்றி ஒன்றைத் தாங்களே கண்டுபிடிக்க வேண்டும். மற்றப் பாடங்கள் ஒப்புக்கு ஒட்டியதாக இல்லாமல், அந்தக் கண்டுபிடிப்புக்குத் தேவைப்பட்டு உள்ளே வர வேண்டும். செய்து பார்த்தவர்கள் யாராவது சொல்லுங்கள்.

முந்திரி | சேலம், கணக்கு ஆசிரியர்

டீச்சர், தாரமங்கலத்துக்கு அவசரப்படாதீர்கள். முதல் இரண்டு வெள்ளிக்கிழமைகளுக்குப் பள்ளி மைதானமே போதும். நான் செய்து வருவதைச் சொல்கிறேன்.

சோழர் காலத்தில் நிலத்தைக் கோலால் அளந்தார்கள். ராசராசன் காலத்து உலகளந்த கோலின் நீளம் 16 சாண். பிள்ளைகளை ஐந்து குழுவாகப் பிரித்து குழுவுக்கொரு பச்சை மூங்கிலைக் கொடுத்து, "16 சாண் அளந்து வெட்டுங்கள்" என்பேன். யாருடைய சாண் என்று சொல்ல மாட்டேன். வெட்டி முடித்து ஐந்தையும் சுவரில் சாய்த்து வைக்கும்போது எழும் கூச்சலுக்காகவே இதை ஆண்டுதோறும் செய்யலாம். ஒன்றும் ஒன்றும் சமமாக இருக்காது.

இனி கணக்கு. வளர்ந்தவர் சாண் 9 அங்குலம் என்று வைத்தால் 16 சாண் 12 அடி. ஒரு கோலுக்கு ஒரு கோல் சதுரம் ஒரு குழி, அதாவது 144 சதுர அடி. எங்கள் வகுப்பில் மிகச் சிறிய பையனின் சாண் ஆறரை அங்குலம். அவன் கோல் 8 அடி 8 அங்குலம்தான் வந்தது. அவன் குழி ஏறக்குறைய 75 சதுர அடி. மைதானத்தில் 2,880 சதுர அடிக்குக் கயிறு கட்டி, இரண்டு கோல்களாலும் அளக்கச் சொன்னேன். பெரிய கோலுக்கு 20 குழி. சின்னக் கோலுக்கு 38 குழிக்கும் மேல். குழிக்கு இத்தனை படி நெல் வரி என்று பலகையில் எழுதினேன். குத்தகைக்கு உழுகிறவர் வீட்டுப் பிள்ளை ஒருத்தி சட்டென்று சொன்னாள்: "சார், நிலம் அப்படியே இருக்கிறது, கோலைக் குறைத்தால் வரி இரண்டு மடங்காகிறது!" கோல் பாதியானால் குழி கால்வாசியாகும் என்ற பரப்பளவுப் பாடம் அந்த வகுப்புக்கு அதன் பிறகு நடத்தத் தேவைப்படவில்லை.

அப்போதுதான் கோயிலைப் பற்றிப் பேச வேண்டும். பழைய கோயில் பலவற்றின் சுவரிலோ அடித்தளத்திலோ இரண்டு முனைகளிலும் குறியிட்டு ஊருக்கான அளவுகோலைப் பொறித்து வைத்திருப்பார்கள். ஏன் கல்லில், ஏன் எல்லாரும் வந்து போகிற இடத்தில் என்று கேளுங்கள். மூங்கில் வெட்டிய பிள்ளைகள் பதில் சொல்லிவிடுவார்கள். கோல் ஊருக்கு ஊர் மாறும் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள். எல்லா ஊருக்கும் 12 அடி என்று எழுதிக்கொண்டு போய்விடக் கூடாது.

பின்னத்துக்கும் இதே வழி. 100 குழி ஒரு மா, 20 மா ஒரு வேலி. மா என்ற சொல்லுக்கே 20இல் ஒரு பங்கு என்று பொருள். காணி 80இல் ஒன்று. முந்திரி 320இல் ஒன்று. இந்தக் களத்தில் என் பெயர் அங்கிருந்து வந்ததுதான். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டில் முந்திரிக்கும் கீழே கீழே இறங்கி, ஒரு வேலியை 5,242 கோடியே 88 லட்சமாகப் பங்கிட்டால் வரும் ஒரு பங்கு வரைக்கும் நிலக்கணக்கு போகிறது. மேலே சொன்ன குழியை வைத்துப் பார்த்தால் அது அரைச் சதுர மில்லிமீட்டர். கடுகு வைக்க இடமில்லை. "இதை எந்தக் கோலால் அளந்திருப்பார்கள்?" என்று கேட்டுவிட்டு ஒரு வாரம் விட்டுவிடுங்கள். வகுத்துக்கொண்டே போனதில் வந்த எண் அது, தரையில் அளந்த எண் அல்ல என்பதை யாராவது ஒரு பிள்ளை கண்டுபிடிக்கும். அதைக் கண்டுபிடித்த பிள்ளை, ஓர் அரசாங்கத்தின் கணக்குப்பிள்ளை எப்படி வேலை செய்தார் என்பதைக் கண்டுபிடித்துவிட்டது.

கஞ்சமலை | சேலம்

நான் ஆசிரியர் இல்லை, 7ஆம் வகுப்புப் பெண்ணின் தந்தை. படிக்க ஆசையாக இருக்கிறது. ஆனாலும் சிலவற்றைக் கேட்டாக வேண்டும். 46 பிள்ளைகளைச் சாலையில் யார் கூட்டிப் போவது? பெண் பிள்ளைகளுக்குக் கழிப்பறை எங்கே? வெள்ளிக்கிழமைதோறும் இரண்டு பாடவேளை போனால் பருவத் தேர்வுக்கு முன் பாடம் முடியுமா? சென்ற முறை பஸ் தாமதமானதை நீங்களே எழுதியிருக்கிறீர்கள். இரவு எட்டு மணி வரை பள்ளி வாசலில் காத்திருந்த தகப்பன்களில் ஒருவனாக இதைக் கேட்கிறேன், அது உங்கள் பள்ளி இல்லையென்றாலும்.

வசிட்டநதி | ஆத்தூர், ஓய்வுபெற்ற தமிழாசிரியர்

அம்மா, கஞ்சமலை ஐயா கேட்டதற்கு முதலில் பதில் சொல்லிவிட்டுத் தொடங்குங்கள். 46 பேரை ஒரே நாளில் அழைத்துப் போகாதீர்கள். 12 பேர் போதும். அதற்கு மேல் போனால் கல்லைச் சுற்றிக் கூட்டம் நிற்கும், முன்வரிசை மட்டும் பார்க்கும். கோயிலையும் முழுக்கக் காட்ட வேண்டாம். ஒரு சுவர், அதில் ஒரு கல்வெட்டு, அதிலும் நான்கு வரி.

கல்வெட்டு மங்கலாக இருந்தால் சுண்ணாம்பு, மாவு, விபூதி எதையும் பூச விடாதீர்கள். ஆர்வத்தில் பலரும் செய்கிறார்கள். கல்லுக்குக் கேடு. அதற்கு முகம் பார்க்கும் கண்ணாடி ஒன்றை எடுத்துப் போங்கள். வெயிலில் ஒரு பிள்ளை நின்று, ஒளியைச் சுவரோடு ஒட்டினாற்போல் பக்கவாட்டில் திருப்பட்டும். நேர் வெளிச்சத்தில் தெரியாத எழுத்து, சாய்ந்த ஒளியில் நிழல் விழுந்து மேலெழும்பி வரும். 30 ஆண்டுகளாக அதைப் பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு முறையும் பிள்ளைகள் மூச்சை இழுக்கிற சத்தம் கேட்கும். அறிவியல் ஆசிரியர் ஒளி எதிரொளிப்பை அந்த இடத்திலேயே நடத்திவிடலாம்.

எழுத்து தெரிந்தும் ஏன் படிக்க முடியவில்லை? இதுதான் தமிழ் வகுப்பு. கல்வெட்டில் பெரும்பாலும் புள்ளி இல்லை. எகரத்துக்கும் ஏகாரத்துக்கும் வேறுபாடு இல்லை, ஒகரத்துக்கும் ஓகாரத்துக்கும் அப்படியே. போவதற்கு முந்தைய வாரம் பிள்ளைகளைத் தம் பெயரையும் ஊரையும் புள்ளியில்லாமல், நெடில் கொம்பில்லாமல், இடைவெளியில்லாமல் எழுதி அடுத்தவரிடம் கொடுக்கச் சொல்லுங்கள். சேலம் "செலம" ஆகும். அடுத்தவன் அதைச் செலம என்பான், செல்ம் என்பான், கடைசியில் சேலத்துக்கு வந்து சேர்வான். எதைக் கொண்டு வந்து சேர்ந்தான் என்று கேளுங்கள். முன்பின் சொல்லைக் கொண்டு என்பான். கல்வெட்டு அறிஞர் செய்வதும் அதைத்தான்.

உங்கள் பையன் கேட்ட கேள்விக்கு ஒரு வழி சொல்கிறேன். கல்வெட்டில் ஊரைத் தனியாகச் சொல்ல மாட்டார்கள். இன்ன மண்டலத்து, இன்ன நாட்டு, இன்ன ஊர் என்று பெரிதிலிருந்து சிறிதுக்கு இறங்கி வருவார்கள். பிள்ளைகள் தம் வீட்டு முகவரியை அதே நடையில் எழுதட்டும். எங்கள் பக்கத்து ஆறகழூர் 12, 13ஆம் நூற்றாண்டுகளில் வாணகோவரையர்களின் தலைநகர். அவர்கள் நாட்டுக்கு மகதை மண்டலம் என்று பெயர். அருகில் தியாகனூரில் புத்தர் அமர்ந்திருக்கிறார். இன்றைக்கு ஆத்தூரிலிருந்து சென்னைக்குப் போகிற பஸ் இந்த ஊர்களைத் தாண்டித்தான் விரைகிறது, உள்ளே இருப்பவர்கள் தூங்குகிறார்கள். அந்த வருத்தம் எனக்கு உண்டு.

கடைசியில் பிள்ளைகளே ஒரு கல்வெட்டு எழுதட்டும். "ஸ்வஸ்திஸ்ரீ" என்று தொடங்கி, எந்தத் தலைமையாசிரியரின் எத்தனையாவது ஆட்சியாண்டு என்று சொல்லி, பள்ளிக்கு யார் என்ன கொடுத்தார்கள், அது சந்திரசூரியர் உள்ளவரை நடக்க வேண்டும் என்று முடித்து, கெடுத்தவனுக்குச் சாபமும் வைக்கட்டும். பழைய வாசகம் கங்கைக்கரையில் காராம்பசுவைக் கொன்ற பாவத்தில் போவான் என்று வரும். என் மாணவன் ஒருவன், குடிநீர்க் குழாயை மூடாமல் விட்டவன் கோடையில் தாகத்தோடு நடந்த பாவத்தில் போவான் என்று எழுதினான். அந்தத் தாளை இன்னும் வைத்திருக்கிறேன்.

சேலநாடு | ஏற்காடு

மலையிலிருந்து எழுதுகிறேன். எங்கள் பள்ளியில் பெரும்பாலும் மலையாளிப் பழங்குடிப் பிள்ளைகள். கீழ்நாட்டு நண்பர்களுக்காக ஒரு வார்த்தை: கேரளத்துக்கும் இந்தப் பெயருக்கும் தொடர்பில்லை, மலையை ஆள்பவர் என்று பொருள் சொல்வார்கள். இவர்கள் பேசுவது தமிழ்.

எங்கள் பிள்ளைகளுக்குக் கல்வெட்டைத் தேடி அலைய வேண்டியதில்லை, பாட்டியிடம் போனால் போதும். காஞ்சிபுரத்திலிருந்து அண்ணன் தம்பி மூவர் கிளம்பினார்கள், பெரியண்ணன் சேர்வராயன் மலைக்கும் நடுவண்ணன் பச்சைமலைக்கும் சின்னண்ணன் கொல்லிமலைக்கும் போய்ச் சேர்ந்தார்கள் என்பது வழிவழியாக வரும் கதை. ஏன் கிளம்பினார்கள் என்பதில்தான் வீட்டுக்கு வீடு மாறுகிறது. சென்ற ஆண்டு 19 பிள்ளைகள் 19 வீடுகளில் கேட்டு எழுதி வந்தார்கள். எல்லாக் கதையிலும் மாறாமல் வருவது எது, மாறுவது எது என்று இரண்டு பத்தியாகப் பிரித்தோம். காஞ்சி மாறவில்லை, மூவர் மாறவில்லை. காரணம் மாறிக்கொண்டே இருந்தது. எந்தக் காரணத்தை நம்புவது என்று பிள்ளைகள் சண்டை போட்டுக்கொண்டார்கள். பாடநூலில் ஆதாரங்களை ஒப்பிடுதல் என்று ஒரு வரியில் வருகிறதே, அதை இவர்கள் ஒரு வாரம் செய்தார்கள். பிறகு நிலப்படத்தில் காஞ்சியிலிருந்து நூல் பிடித்து, எந்த ஆறுகளைக் கடந்திருக்க வேண்டும் என்று குறித்தோம். மலைக்குள்ளேயே சேலநாடு, மோகநாடு, முட்டநாடு என்று பிரிவுகள் இருப்பதையும் பெரியவர்களைக் கேட்டு வரைந்தோம்.

இன்னொன்றும் செய்தோம். ஒரு மேட்டில் ஏறி நின்று, கண்ணில் படுவதை வரையச் சொன்னேன். காப்பித் தோட்டம், அதற்கு நிழலாக நிற்கும் சில்வர் ஓக் மரங்கள், மிளகுக் கொடி, வளைந்து வரும் சாலை. பிறகு அழிரப்பரைக் கொடுத்தேன். காப்பி 1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் காலத்தில் இங்கே வந்தது. அழி. சில்வர் ஓக் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்தது. அழி. மதிய உணவுத் தட்டுக்கும் வந்தோம். மிளகாய், தக்காளி, உருளைக்கிழங்கு எல்லாம் அமெரிக்கக் கண்டத்துப் பயிர்கள், கடல் தாண்டி 1500க்குப் பிறகு வந்தவை. சோழர் காலத்துக் குழம்பில் அவற்றுக்கு இடமில்லை. கடைசியில் தாளில் மலையும் சாமையும் தினையும் கேழ்வரகும் மிளகும்தான் மிச்சம் இருந்தன. ஒரு சிறுமி அந்தத் தாளைப் பார்த்துவிட்டு, "இது எங்கள் பாட்டி காட்டு வேலை செய்த இடம் மாதிரி இருக்கிறது" என்றாள்.

சரபங்கா டீச்சர், உங்கள் பிள்ளைகளை மலைக்கு அழைத்து வருவதாக இருந்தால் ஒரு வேண்டுகோள். எங்கள் ஊர்களுக்குள் கேமராவோடு இறங்கி, வயதானவர்களைச் சுற்றி நின்றுகொண்டு பாட்டுப் பாடச் சொல்கிற கூட்டங்களைப் பார்த்துச் சலித்துவிட்டோம். முதலில் ஊர்ப் பெரியவரிடம் கேளுங்கள். எங்கள் பிள்ளைகள் கேள்வி கேட்கட்டும், உங்கள் பிள்ளைகள் உடன் உட்காரட்டும். எழுதியதில் ஒரு படியை அந்த வீட்டுக்கே கொடுத்துவிட்டுப் போங்கள்.

சரபங்கா | ஓமலூர் வட்டாரம்

எல்லாருக்கும் நன்றி. ஆவணியில் கேட்ட கேள்விக்குப் புரட்டாசியில் வந்து பதில் எழுதுகிறேன். செய்துவிட்டுத்தான் எழுத வேண்டும் என்று காத்திருந்தேன்.

கஞ்சமலை ஐயாவுக்கு முதலில். 46 பேரை நான்காகப் பிரித்தோம். ஒரு வெள்ளிக்கிழமைக்கு ஒரு குழு, நகரப் பேருந்தில். உடன் இரண்டு ஆசிரியர்கள், இரண்டு தாய்மார்கள். மற்ற பிள்ளைகள் பள்ளியில் மைதான வேலை. கழிப்பறைக்கு முன்கூட்டியே போய்ப் பார்த்துப் பேசி வைத்தேன். ஆறு மணிக்குள் எல்லாரும் வீட்டில். பாடம் பின்தங்கவில்லை, ஏனென்றால் ஆதாரங்கள் பற்றிய பாடத்தை வகுப்பில் மறுபடி நடத்த வேண்டிய வேலை இல்லாமல் போனது.

மூங்கில் கோல் அப்படியே நடந்தது, முந்திரி சார். எங்கள் பள்ளியில் ஒரு குழு ஏமாற்றியது. யாருக்கும் தெரியாமல் பஸ் ஓட்டுநரான ஒரு தகப்பனாரின் கையை வைத்து அளந்து வந்துவிட்டார்கள். பெரிய கோல் கிடைத்தால் வரி குறையும் என்று அவர்களுக்கு முன்பே தெரிந்திருக்கிறது! அரசாங்கக் கோலை எங்கே பொறிக்கலாம் என்று விவாதித்து, சமையற்கூடத்துச் சுவரில் சாக்குக்கட்டியால் வரைந்து வைத்திருக்கிறோம். எல்லாரும் தட்டோடு நிற்கிற இடம் என்பதால்.

கரும்பலகைக் கோட்டை இப்போது மதில் சுவருக்கு மாற்றிவிட்டோம். ஓர் ஆண்டுக்கு ஒரு சென்டிமீட்டர். 700 முதல் 1700 வரை சரியாக 10 மீட்டர். அந்தக் கடைசி பெஞ்சுப் பையன்தான் அதற்குப் பொறுப்பு. 1010இல் தஞ்சைப் பெரிய கோயில், மூன்று மீட்டர் பத்து சென்டிமீட்டரில். தாரமங்கலத்துக்கு ஒன்பது மீட்டரைத் தாண்டி ஓடி வர வேண்டியிருக்கிறது. ராசராசனும் கெட்டி முதலியும் அடுத்தடுத்த வீட்டுக்காரர்கள் போல அவர்கள் மனத்தில் இருந்தார்கள். இப்போது நடுவில் ஆறு மீட்டர் நடக்கிறார்கள்.

தாரமங்கலத்தில் நான் எதிர்பாராத இரண்டு நடந்தன. வாலியையும் மறைந்து நின்று அம்பு தொடுக்கும் இராமனையும் வெவ்வேறு தூண்களில் வைத்திருக்கிறார்கள். இராமன் நிற்கும் இடத்திலிருந்து பார்த்தால் வாலி தெரிவார், வாலியின் இடத்திலிருந்து இராமன் தெரியமாட்டார் என்று ஊரில் சொல்வதைப் பிள்ளைகள் அப்படியே ஏற்கவில்லை. பார்வைக் கோட்டுக்கு நூல் பிடிக்க வேண்டும் என்றார்கள். சிற்பத்தைத் தொடாமல், தரையில் ஆள் நிறுத்தி, நூலை இழுத்துப் பிடித்துத் தாளில் தூண்களின் கிடைப்படம் வரைந்தார்கள். சிற்பி கல்லில் கை வைக்கும் முன் இதே படத்தைத் தரையில் போட்டிருப்பான் என்று ஒருத்தி சொன்னாள். யாளியின் வாய்க்குள் உருளும் கல் உருண்டையைப் பார்த்துவிட்டு, வெளியே செய்து உள்ளே போட வழியில்லை, அங்கேயே குடைந்துதான் பிரித்திருக்க வேண்டும் என்பதையும் அவர்களே சொல்லிவிட்டார்கள். நான் வாய் திறக்கவில்லை. பேசாமல் நிற்பது எனக்கு எவ்வளவு கடினம் என்பது என் வகுப்புக்குத் தெரியும்.

இரண்டாவது, வெயில். இந்தக் கோயில் மேற்குப் பார்த்தது. மாசி 9, 10, 11 ஆகிய மூன்று நாட்களும் மாலை வெயில் உள்ளே சென்று இலிங்கத்தின் மேல் விழும் என்று கோயிலில் சொன்னார்கள். எல்லாரும் தலையாட்டினோம். திரும்பி வரும்போது பஸ்ஸில் ஒரு சிறுமி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து கேட்டாள்: "டீச்சர், சூரியன் தெற்கே போய்விட்டுத் திரும்பி வரும்போதுதானே மாசி வருகிறது? அப்படியென்றால் போகும்போதும் அதே இடத்தில் மறைந்திருக்க வேண்டுமே?"

நான் சமூக அறிவியல் படித்தவள். எனக்கு விடை தெரியவில்லை. திங்கட்கிழமை அறிவியல் ஆசிரியர் பந்தும் டார்ச் விளக்கும் கொண்டுவந்தார். சூரியன் தென்கோடியில் நிற்பது டிசம்பர் 21 வாக்கில். மாசி 9 என்பது பிப்ரவரி 21. நாட்காட்டியைக் கிழித்துக் கிழித்து எண்ணினார்கள்: 62 நாள். அதே 62 நாளைப் பின்னோக்கி எண்ணினால் அக்டோபர் 20, ஐப்பசி 3. அடுத்த இரண்டு நாட்களையும் எண்ணிப் பார்த்தபோது வரிசை தலைகீழாக வருவதைக் கண்டு வகுப்பே எழுந்து நின்றுவிட்டது. மாசி 10க்கு ஐப்பசி 2. மாசி 11க்கு ஐப்பசி 1. கணக்கின்படி ஐப்பசியின் முதல் மூன்று மாலைகளிலும் சூரியன் அதே இடத்தில் மறைய வேண்டும்.

அதன் மேல் இன்னொரு கேள்வியும் கிளம்பிவிட்டது. கோயில் நேர் மேற்கைப் பார்த்திருந்தால் வெயில் மார்ச் 21ஐ ஒட்டி அல்லவா நேராக உள்ளே போக வேண்டும்? மாசியில் போகிறதென்றால் வாசல் மேற்கிலிருந்து சற்றே தெற்கே திரும்பியிருக்க வேண்டும், அல்லது வெயில் கோணலாக நுழைய வேண்டும். திசைகாட்டியை வைத்துக் கோபுர வாசலுக்கு வெளியே நின்று அளக்கப் போகிறோம். கருவறைக்கு அருகில் நிற்பதற்குக் கோயில் அலுவலகத்தில் மனு கொடுத்திருக்கிறேன். 46 வீடுகளில் 41 வீட்டுக் கையெழுத்து வந்துவிட்டது.

ஐப்பசி என்றால் அடைமழைக் காலம். மேகம் மூடினால் ஒன்றும் தெரியாது. மாசியை மட்டும் ஊர் நினைவில் வைத்திருப்பதற்கு அதுதான் காரணமாக இருக்குமோ என்று பிள்ளைகளுக்குள் பேச்சு. அதையும் நோட்டில் எழுதி, பக்கத்தில் கேள்விக்குறி போட்டு வைக்கச் சொல்லியிருக்கிறேன்.

வசிட்டநதி ஐயா, ஓமலூர் வட்டாரத்து ஊர்ப் பெயர் வரும் கல்வெட்டு ஏதாவது உங்கள் நினைவில் இருந்தால் சொல்லுங்கள். பையன் மதிலில் அதற்காக ஒரு கை அகலம் விட்டு வைத்திருக்கிறான், வேறு யாரையும் அங்கே எழுத விடுவதில்லை. சேலநாடு அக்கா, தை மாதம் 12 பேரோடு மேலே வருகிறோம், பெரியவரிடம் கேட்டுச் சொல்லுங்கள். மற்றவர்களுக்கு ஒரே ஒரு வேண்டுகோள்: ஐப்பசி 1, 2, 3 ஆகிய மாலைகளில் தாரமங்கலம் பக்கம் இருப்பவர்கள், ஐந்தரை மணிக்கு மேல் மேற்கு வானம் எப்படி இருந்தது என்று இங்கே ஒரு வரி எழுதிவிடுங்கள்.